ஏமாறாதவர்

ராமச்சந்திராபுரத்து எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தால் பிரேமா இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் என் மனைவி. ஒரு காலத்தில் அந்த வீட்டுக்குள் மணியடிக்காமல் நுழைகிற உரிமை அவளுக்கு இருந்தது. அந்தக் குடியிருப்பை விட்டு நாங்கள் ஹைதராபாத்துக்குள்ளேயே தார்நாகா பக்கம் வந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் கடையில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று உதட்டைப் பிதுக்குவது போலவே இருக்கிறது.

அவர் அங்கிருந்த பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியிலிருந்து வார்த்துக் கொண்டுவரும் இரும்புச் சாமான்களைத் தட்டிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் திருப்பி அனுப்புவது அங்கே அவர் உத்தியோகம். கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காலம் முடிந்த பிறகும் அந்த உத்தியோகம் முடியவில்லை. தட்டிப் பார்க்க வார்ப்பிரும்பு கிடைக்காததால் மற்ற எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். தர்பூசணியை, தண்ணீர் லாரியை, அசோசியேஷன் செக்ரட்டரியை, எங்களை.

பூர்வீகம் அரக்கோணம் பக்கம். அப்பா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். அவருடைய தமிழில் பாதிப் பேச்சு வடாற்காட்டுக்காரர் பேச்சாகவும் மீதி இந்த ஊர்ப் பேச்சாகவும் இருக்கும். ‘வேண்டாம்’ என்று அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ‘நக்கோ’தான்.

நாங்கள் குடிவந்த வாரமே வந்துவிட்டார். புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து, ரப்பரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, எங்க வாங்குனீங்க?" என்றார். சொன்னேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஏமாந்துட்டீங்களே. எதிர்லயே இருக்கேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அதற்குப் பிறகு மிக்ஸி, மெத்தை, பிரேமாவின் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் அந்த வாக்கியம் வந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த யாரும் அதற்குத் தப்பவில்லை. அவர் லிஃப்டில் ஏறினால் கையில் இருக்கும் பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெறும் தொந்தரவு என்று மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. கோடையில் தண்ணீர் லாரி வரும்போது எல்லோரும் மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம். அவர் மட்டும் ஒரு நீளக் கழியோடு கீழே இறங்கி, லாரி மேல் ஏறி, மூடியைத் திறந்து ஆழம் பார்ப்பார். ஒருநாள் அளவு குறைவது தெரிந்ததும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று மாலை வரை யாருக்கும் தண்ணீர் இல்லை. எல்லோரும் அவரைத் திட்டினோம். மறுநாளிலிருந்து லாரி விளிம்பு ததும்ப வந்தது. யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. ஏமாறவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

காய்கறிக்குக்கூடத் தெருக்கடையை நம்பமாட்டார். வாரம் தவறாமல் போவன்பள்ளி மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மூட்டையாக வாங்கிவருவார். போகிற பெட்ரோலைக் கணக்கில் சேர்த்தால் லாபம் ஒன்றும் இருக்காது என்று ஒருமுறை சொன்னேன். "லாபத்துக்கு யாரு போறா? தெருக்கடைக்காரன் என்னைய ஏமாத்தக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

அவர் மனைவி அவருக்கு நேர்மாறு. ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற அம்மாள். பிரேமா அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். சொந்தத்தில் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் எங்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியும் துவையலும் அங்கிருந்துதான் வரும். கேட்டில் பூ விற்கிற பெண்ணிடம் அந்த அம்மாள் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவார். வீட்டுக்குப் போனதும் பாதி விலை சொல்வார்.

"பொய்தான்" என்று பிரேமாவிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறார். "கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து எதை வாங்குனாலும் பாதிதான் சொல்லுவேன். அவருக்கு சந்தோஷம் தாங்காது. எம் பொண்டாட்டிய ஒருத்தன் ஏமாத்த முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. சொல்லட்டுமே."

அந்த அம்மாள் தனக்கென்று எதையும் கேட்டு நான் கண்டதில்லை. ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். அவள் போனில் தெலுங்கில் பேசுவாள், அந்த அம்மாள் தமிழில் பதில் சொல்வார்.

ஹோம் தியேட்டர் விஷயம் எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். என்னோடு வேலை செய்தவர் கனடாவுக்குக் கிளம்பும்போது தன்னுடைய ரிசீவரையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கனத்த பேஸ் ஒலியைத் தருகிற சப்வூஃபர் பெட்டியை மட்டும் அவருடைய மச்சினர் முதலிலேயே தூக்கிப் போயிருந்தார். வசனம் தெளிவாகக் கேட்டது, பாட்டு சுமாராகக் கேட்டது. ஆனால் படத்தில் இடி இடித்தால் யாரோ செய்தித்தாளை மடிப்பது போல இருந்தது. அதிகச் செலவில்லாமல் ஒரு சப்வூஃபர் போதும் என்று இணையத்தில் தேடி ஒன்றை ஆர்டர் செய்தேன். இந்த ஒருமுறையாவது எதிர்வீட்டுக்காரரின் வாக்கியத்திலிருந்து தப்பிக்கலாமே என்று, பொருள் வருவதற்கு முன்னாலேயே அவரிடம் சொன்னேன்.

என் கைபேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கேன்சல் பண்ணுங்க."

"ஏன் சார்? ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருக்கே."

"அது ஒரு நொடி கத்துற கத்தல் தம்பி. நாள் பூரா நின்னு பேசுனா எவ்ளோன்னு கேக்கணும். அதத்தான் ஆர்எம்எஸ்னு போடுவான். இவன் அத போடவே இல்ல பாருங்க. கைக்கு, ஏன் போடல? போட்டா மானம் போயிடும்." பிறகு படத்தின் மூலையைக் காட்டினார். "இதுக்குக் கரண்டு ப்ளக்கே கிடையாது. வெறும் பெட்டி. இத ஓட்டத் தனியா ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கணும். அத வாங்கும்போது அழுவீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோட்டிக்கு அழைத்துப் போனார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் சந்துகளில் காலையிலிருந்து மதியம் வரை நடந்தோம். ஒவ்வொரு கடையிலும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தால் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். கனமாக இருந்தால் விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டினார். டப் என்று அடங்கிய சத்தம் வந்தால் நின்றார், டொங் என்று வந்தால் நடந்தார். ஒரு கடைப் பையன் சத்தத்தை முழுக்க ஏற்றி, இந்தியில் ‘எப்படி அதிருது பாருங்க’ என்று சிரித்தான். இவர் கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கைக்கு ஜூட் போல்தே?" என்றார். எதற்குப் பொய் சொல்கிறாய் என்று அர்த்தம். அதட்டலே இல்லாமல் கேட்டார். பையனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியில் அவருக்குப் பிடித்தது, ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருந்த பத்து அங்குலப் பெட்டி. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருந்தது, பின்னால் மின்சார ப்ளக் இருந்தது. அடிப்பக்கத்து மூலையில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, அந்தக் கீறலை வைத்துக்கொண்டே விலையைக் கடைக்காரர் வாய்விட்டுப் புலம்பும் வரைக்கும் இறக்கினார். திரும்பி வரும்போது பெட்டியை ஆட்டோவில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். ரிசீவருக்குப் பின்னால் சப்வூஃபருக்கென்றே இருக்கும் துளையைக் காட்டினார். அதிலிருந்து பெட்டிக்கு ஒரே ஒரு ஒயர்தான். செருகியதும் உம்மென்று ஒரு இரைச்சல் வந்தது. நான் பொருள்தான் கெட்டது என்று நினைத்தேன். அவர் பெட்டியின் ப்ளக்கை எதிர்ச் சுவரிலிருந்து பிடுங்கி, ரிசீவர் செருகியிருந்த அதே போர்டில் செருகினார். இரைச்சல் நின்றது. பிறகு பெட்டியைத் தூக்கி நாங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வைத்தார். பிரேமா கையில் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

"சோபாவுலயா வைக்கப் போறீங்க?"

"இல்லம்மா. இத உக்காருற எடத்துல வெச்சிட்டு நான் மூல மூலயாப் போய்க் கேக்கணும். எங்க நல்லாக் கேக்குதோ, அந்த எடத்துல பெட்டிய வெச்சா இந்த சோபாவுல அதே மாதிரி கேக்கும்."

சொல்லிவிட்டு, அந்த வயதில், மண்டியிட்டுத் தவழ ஆரம்பித்தார். தரையோடு தலையைத் தாழ்த்தி, டீவி மேசைப் பக்கம் கொஞ்ச நேரம், வாசல் மூலையில் கொஞ்ச நேரம், புத்தக அலமாரிப் பக்கம் கொஞ்ச நேரம். மூலையில் சத்தம் அதிகம் ஆனால் குழம்புகிறது என்றார். நடுவில் ஒன்றுமே இல்லை என்றார். பால்கனித் திரைக்குப் பக்கத்தில் போனதும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஹவ், ஆமா. இங்கதான்."

பெட்டியை அங்கே வைத்தோம். கீழ்வீட்டுக்கு அதிராமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் பாயை மடித்து வைத்தார். இனி யாராவது சோபாவில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நான் உட்காரப் போனேன். "உங்களுக்கு ஆசை இருக்கும், நல்லாத்தான் கேக்கும். ஆசை இல்லாத ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். இவர் அவரைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்தார். ஏதோ ஒரு படத்தில் மழையும் இடியும் வருகிற இடத்தை ஓடவிட்டேன். முதல் இடி வந்ததும் ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அம்மாள் வலது கையைத் தூக்கி நெஞ்சின் நடுவில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் இவர்.

"இங்க ஒரு மாதிரி அடைக்குதுங்க."

"அது பேஸ். அது நெஞ்சுலதான் தெரியணும்." பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு திருகைக் குறைத்தார். "இப்போ?"

"இன்னும் இருக்கு."

இன்னொரு சுவிட்சை மாற்றிவிட்டு மறுபடி அதே இடியை ஓடவிடச் சொன்னார். "இப்போ?"

அந்த அம்மாளின் நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறி நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. பிரேமா ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கிப் படத்தை நிறுத்தினாள். வீடு அமைதியாயிற்று.

"சத்தம் நின்னதுக்கு அப்புறமும் அடைக்குதுங்க" என்றார் அந்த அம்மாள். புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பிரேமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முதுகைத் தடவிக்கொண்டே, "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரலாம் ஆன்ட்டி. இவர் வண்டி எடுப்பார்" என்றாள்.

"நக்கோ நக்கோ" என்றார் அவர், ஒயரைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே. "மத்தியானம் பருப்பு வடை தின்னா. கேஸ். டாக்டர்கிட்டப் போனா ஒண்ணுமில்லாததுக்கு ஒம்போது டெஸ்ட் எழுதுவான். சீரகத் தண்ணி குடிச்சா போயிடும்."

அந்த அம்மாள் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். பரவாயில்லை என்று சொல்லி, எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இவர் மட்டும் இருந்து வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். போகும்போது இடியை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டார். "இந்த விலைக்கு இந்த ஊர்ல எவனுக்கும் இது கெடைக்காது" என்றார்.

அந்த வாரமே பிரேமா, காய் வாங்கப் போகலாம் என்று சொல்லி அந்த அம்மாளைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இசிஜி எடுத்துவிட்டாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆஞ்சியோ செய்துகொள்ளும்படி சொல்லியிருக்கிறார். பிரேமா நேராக எதிர்வீட்டுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். நானும் கூட நின்றேன். அவர் இசிஜி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன் அங்கிள். அன்னிக்கே கேட்டேன்" என்றாள் பிரேமா.

 அவர் சும்மா இருக்கவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு இருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஸ்டென்ட் பத்தாது, பைபாஸ் செய்வதே நல்லது என்றார்கள். மூன்றாவது இடத்தில் சொன்னது வேறு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து, அதே குரலில், கோட்டியில் பெட்டிகளைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னார்:

"ஒரே நெஞ்சு தம்பி. மூணு பேர் மூணு சொல்றான். அப்போ ரெண்டு பேராச்சும் பொய் சொல்றான்ல?"

"பொய்யா இருக்கணும்னு இல்ல சார். அபிப்பிராயம் வேறயா இருக்கலாம். ஆனா ஒண்ணும் செய்ய வேணாம்னு யாரும் சொல்லலையே."

"எல்லாரும் செய்யணும்னுதான் சொல்லுவான். கடைக்காரன் எவனாச்சும் வாங்காதேன்னு சொல்வானா?"

காசுக்காகச் செய்தார் என்று அந்தக் கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அது தவறு. ஓய்வு பெற்றவர்களுக்கு இருந்த மருத்துவ வசதியில் அவருடைய மனைவிக்கும் சிகிச்சை உண்டு, அவர் கையிலிருந்து போக ஒன்றுமில்லை. நான் அதைச் சொல்லியே பார்த்தேன். "எவன் காசா இருந்தா இன்னா? ஏமாறுறது நான்தானே" என்றார். காசாக இருந்திருந்தால் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாவது முடித்திருப்போம். இதற்கு நாங்கள் எதைக் கொடுப்பது?

கடைசியில், தன்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருடைய மகன் இதய டாக்டராக இருக்கிறான், அவன் பொய் சொல்லமாட்டான், வெளிநாடு போயிருக்கிறான், தசரா முடிந்து வந்ததும் அவனிடம் காட்டி முடிவு செய்வது என்று தீர்மானித்தார். அதுவரை அந்த அம்மாளுக்கு மாத்திரை கொடுத்தார். அதைக்கூட, மருந்துக்கடைக்காரன் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்துவிட்டானா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கொடுத்தார். பிரேமா மகளுக்கு போன் செய்தாள். மகள் அப்பாவோடு சண்டை போட்டாள். டிக்கெட் எடுத்தாள். அம்மாவே போனை வாங்கி, "நல்லாத்தான் இருக்கேன், பண்டிகைக்கு வா போதும்" என்று சொல்லித் தடுத்துவிட்டார். பிரேமா ஒருநாள் அந்த அம்மாளிடமே கெஞ்சினாள். நாம் இருவர் மட்டும் போய் அட்மிட் ஆகிவிடலாம் என்றாள்.

"அவரு நல்லதுக்குத்தான் பாக்குறாரு பிரேமா" என்று சொல்லியிருக்கிறார் அந்த அம்மாள். "அவரு பாத்து வாங்குனது எதுவும் கெட்டுப்போனதில்ல."

தசராவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. காலையில் அவர் வழக்கம்போலப் போவன்பள்ளிக்குப் போயிருந்தார். நான் ஆபீஸில் இருந்தேன். எங்கள் வீட்டுக் கதவை யாரோ உள்ளங்கையால் அடிக்கிற சத்தம் கேட்டு பிரேமா திறந்திருக்கிறாள். அந்த அம்மாள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. "கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். உட்காருவதற்குள் சரிந்துவிட்டார். வாட்ச்மேனும் பிரேமாவுமாகத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பின் சீட்டில் பிரேமாவின் மடியிலேயே உயிர் போய்விட்டது. ஆனாலும் டாக்டர்கள் விடாமல் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்து சற்று நேரத்துக்கெல்லாம் அவர் வந்தார். செய்தி கேட்டு மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். காய் மூட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. டாக்டர் நடந்ததைச் சொன்னார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் முடித்ததும் கேட்டார்:

"வரும்போதே உயிர் இல்லைன்னா, எதுக்கு சார் இன்ஜெக்‌ஷன் போட்டீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிரேமா அந்த இடத்தை விட்டு நடந்து போய் வராந்தா முனையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அந்தக் கேள்வியை அவள் மன்னிக்கவே இல்லை. அது அவருடைய அழுகைதான், வேறு வடிவத்தில் வரத் தெரியவில்லை என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப வராமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

மகள் வந்தாள். காரியம் முடியும் வரை இருந்தாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் புரியும், வாயில் வருவதென்னவோ தெலுங்குதான். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து பிரேமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாக்கு ஃபர்ஸ்ட் எப்ப வலிச்சது, அக்கா? நானா செப்பட்லேது." அப்பா சொல்லமாட்டேன் என்கிறார் என்பதைத் தெலுங்கில் சொன்னாள். "இங்க, உங்க வீட்லதான்னு வாட்ச்மேன் அங்கிள் சொன்னார். அம்மா ஏம் செப்பிந்தி?"

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிறாள். நான் பிரேமாவைப் பார்த்தேன். இப்போது வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சோபா, இடி, கையை நெஞ்சில் வைத்தது, திருகைக் குறைத்தது, சுவிட்சை மாற்றியது, சத்தம் நின்ற பிறகும் அடைக்கிறது என்றது, சீரகத் தண்ணீர். ஒன்றைக்கூட விடாமல், எதையும் கூட்டாமல் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. "தேங்க்ஸ், அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  மறுநாள் காலையில் அம்மாவின் புடவைகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினாள். அவர் கேட் வரை பின்னால் நடந்து போனார். அவள் காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியம் எங்கள் வீட்டு மணி அடித்தது. அவர் நின்றிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பிரேமாவுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை.

"உங்க வீட்டம்மா எம் பொண்ணுகிட்ட சொன்னாங்களாம்."

"சார், அவ கேட்டா, அதனால..."

"தப்பில்ல தம்பி. ஒரு வார்த்தை தப்பில்ல. எம் பொண்டாட்டி அப்படித்தான் சொன்னா. எனக்கு நல்லாக் கேட்டுது." அவர் என்னைத் தாண்டி பிரேமாவைப் பார்த்துப் பேசினார். "ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது அன்னைக்கு சொன்னது மட்டும்தான். படுக்கும்போதும் சொன்னா. காலைல எழுந்து காப்பி போடும்போதும் சொன்னா. மாடிப்படி ஏறும்போது நின்னு நின்னு ஏறுனா. அப்பவும் சொன்னா. யாரும் பக்கத்துல இல்ல, நான் மட்டும்தான் இருந்தேன். அதையும் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். பாதி சொல்லி நிறுத்தக்கூடாது. முழுசாக் கேட்டாத்தான் அவ ஒரு முடிவுக்கு வர முடியும்."

 அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சவரம் செய்யாத தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. 

"இன்னா முடிவுன்னு சொல்லல. போயிட்டா" என்றார்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க சார்" என்றேன். 

தலையை அசைத்து மறுத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். பிரேமா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பாவம் பிரேமா. தன் வாயாலேயே சொல்லியிருக்காரு. எத்தனை பேருக்கு அந்த தைரியம் வரும்?"

"அத்தனை தடவையும் அவங்க சொன்னது அவருக்குக் கேட்டிருக்குங்க" என்றாள் பிரேமா. "கேக்கலைன்னு சொல்லியிருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன்."